வலப்பக்கம் கியர் வைத்த தம்பிக்கு

என் அருமை மடத்தம்பி குணாவுக்கு,

நீ போன பிறகு எல்லாரும் உன்னைப் பற்றி நல்லதாகவே பேசுகிறார்கள். செத்தவனைக் குறை சொல்லக்கூடாதாம். உயிரோடு இருந்தபோது உன்னை முகத்துக்கு நேராகத் திட்டியவள் நான். இப்போது மட்டும் எதற்குப் பூசி மெழுக வேண்டும்? ஊரே படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். உன் பைக் கும்பலும் படிக்கட்டும். அவர்கள்தான் முக்கியமாகப் படிக்க வேண்டும்.

உனக்கு அவர்கள் பேப்பரில் அரைப் பக்கத்துக்கு அஞ்சலி போட்டார்கள், தெரியுமா? நீ அந்தக் கறுப்புப் பைக்கில் சாய்ந்து நின்று பல்லைக் காட்டும் படம். கீழே, 'தான் நேசித்ததைச் செய்துகொண்டே விடைபெற்ற மாவீரன்' என்று எழுதியிருந்தது. மாவீரனாம்! நேசித்ததைச் செய்துகொண்டே செத்தால் அது சாவு இல்லையா? உன் மனைவி மாலா அந்தப் பக்கத்தை மடித்துச் சாமி அலமாரியில் வைத்தாள். நான் என் வீட்டுக்கு வந்த பேப்பரை மீன் வெட்ட விரித்தேன்.

நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். தெப்ராவில் அதே டிரைவிங் ஸ்கூல், அதே வெயில், அதே கிழிந்த குடை. மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுக்க வரும் பிள்ளைகளுக்கு நாள் முழுக்க ஒரே பாட்டைப் பாடுகிறேன். இடது கால் கியர், வலது கால் பிரேக். மலாய்ப் பிள்ளைகளுக்கு 'கிரி கியர், கானான் பிரேக்'. தொண்டை கட்டிப்போகும்வரை இதைக் கத்துவதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவளின் கூடப்பிறந்தவன் நீ.

உங்கள் கும்பலின் கூத்தை நான் ரசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். நம் ஊர் தம்போய் வெயிலில் மனிதன் பனியனோடு நிற்கவே முடியாது. நீங்கள் ஏழெட்டுப் பேர் மெழுகு பூசிய கனத்த கோட்டும், முழங்கால்வரை பூட்ஸும், பழங்காலத்துக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு மாமாக் டீக்கடைக்குத் தே தாரிக் குடிக்கப் போவீர்கள். லண்டன் மழைக்கென்று தைத்த கோட்டுக்குள் ஜொகூர் வியர்வை ஆறாக ஓடும். கடைக்காரர் பாவம் பார்த்து மின்விசிறியை உங்கள் பக்கம் திருப்பி வைப்பார். அதற்கும் போஸ் கொடுத்துப் படம் எடுப்பீர்கள்.

ஆனால் உன் வண்டியைக் கேலி செய்ய எனக்கு வாய் வந்ததில்லை. சிரம்பானில் யார் வீட்டுக் கோழிக் கூண்டுக்குப் பின்னாலோ கிடந்த ஒரு பழைய பிரிட்டிஷ் எஞ்சின், துருப்பிடித்த கியர் பெட்டி, மட்கிப்போன வண்டிப் பதிவு கிராண்ட் அட்டை. அவ்வளவுதான் நீ வாங்கி வந்தது. மீதி எல்லாம் உன் கை. வாரம் முழுக்கச் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்ப்பாய். லீவு நாளில் வீட்டு வாசலில் உட்கார்ந்து மறுபடியும் அதே வெல்டிங். குழாயை வளைத்துச் சட்டம் செய்தாய். அலுமினியத் தகட்டை மணல் மூட்டைமேல் வைத்து மரச்சுத்தியலால் தட்டித் தட்டிப் பெட்ரோல் டேங்க் செய்தாய். டேங்கின் ஓரத்தில் ஓடும் தங்கக் கோட்டை, ஸ்டிக்கர் ஒட்டாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு தூரிகையால் இழுத்தாய். மாலாவின் கார் வருடக்கணக்கில் ரோட்டில் நின்று மழையில் நனைந்தது. எஞ்சினிலிருந்து ஒழுகும் எண்ணெயைப் பிடிக்க என் முறுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனவன் திருப்பித் தரவே இல்லை.

நீ முதன்முதலாக அதை உதைத்து ஸ்டார்ட் செய்த அன்று அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். அவர் தோட்டத்தில் சின்னப் பையனாக இருந்தபோது வெள்ளைக்காரத் தொரை இப்படி ஒரு வண்டியில்தான் வருவாராம். சத்தம் கேட்டால் வேலை செய்கிறவர்கள், வீட்டில் இருப்பவர்கள், எல்லாரும் எழுந்து ஓரமாக நிற்க வேண்டுமாம். இத்தனை வருடம் கழித்தும் அவருக்குக் கால் தானாக எழுந்துவிட்டது. அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"ஏன்டா, தொரை வண்டிதான் ஒனக்குக் கெடச்சுதா?" என்று உன்மேல் பாய்ந்தார்.

நீ கையில் கிரீஸோடு சிரித்தாய். "தொரை ஓட்டுனது காசு குடுத்து வாங்குனதுப்பா. இது நான் செஞ்சது. ஒக்காருங்க. இனிமே இந்தச் சத்தத்துக்கு யாரும் எழுந்து நிக்க வேணாம்."

அன்று எனக்கு உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. செய்யவில்லை. நம் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது.

அத்தனையும் செய்தவன் ஒரே ஓர் இடத்தில் ஏன்டா கோட்டைவிட்டாய்? அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகளில் எல்லாம் தலைகீழ். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். நீ காஸ்வே பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் கப்சாய் பைக், நான் சொல்லிக்கொடுக்கும் குட்டி மோட்டார் சைக்கிள், இந்த ஊர் ரோட்டில் ஓடுவதில் நான் பார்த்தது எல்லாமே இடது கியர், வலது பிரேக். உன் வண்டியைப் பார்த்த அன்றே நான் மாற்றச் சொன்னேன். சொன்னேனா இல்லையா?

"மாத்தலாம்தான்க்கா. ஆனா வலப்பக்கம் கியர் இல்லேன்னா அது பிரிட்டிஷ் வண்டியே இல்ல லா" என்றாய்.

"வாரம் பூரா கப்சாய், லீவுக்கு மட்டும் இது. அவசரத்துல ஒங்காலு எதடா கேக்கும்?"

"எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? என் கையால வச்சதுக்கா."

இந்தப் பதிலைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. உன் கையால் வைத்ததுதானே? அப்படியானால் எங்கே வேண்டுமானாலும் வைத்திருக்கலாமே. அப்பாவை உட்காரச் சொன்னவன், பெடலை மட்டும் தொரை வைத்த இடத்திலேயே ஏன் வைத்தாய்? எவன் வந்து உன்னிடம் கணக்குக் கேட்கப்போகிறான்? மாமாக் கடையில் அந்தக் கோட்டுக்காரர்கள் கேலி செய்வார்கள் என்றா? இதற்குப் பதில் சொல்லாமலேயே போய்விட்டாய்.

பண்டார் தெங்காரா போகும் ரோடு. இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். நீ முன்னால், உன் கூட்டாளி சேகரன் பின்னால். தோட்டத்துப் பாதையிலிருந்து செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று வெளியே தலையை நீட்டியது. சேகரன் பிரேக் பிடித்து நின்றுவிட்டான். நீ நிற்கவில்லை.

எல்லாரும் லாரிக்காரனைத் திட்டினார்கள். விதி என்றார்கள், நேரம் சரியில்லை என்றார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தபோது சேகரன் என் பக்கத்தில் வந்து நின்றான். இலையில் உட்காரவே இல்லை.

"அக்கா, ஒன்னு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க. அவன் பிரேக் லைட்டு எரியவே இல்லக்கா. நான் பின்னாலேயே பாத்துக்கிட்டு வந்தேன். பல்ப்பு போயிருக்கும் போல."

மறுநாள் உடைந்த வண்டியைப் பார்க்கப் போனேன். முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. பின்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கியரைத் தொட்டுப் பார்த்தேன், கடைசிக் கியரில் இருந்தது. சாவியைத் திருப்பிவிட்டுக் குனிந்து, இடது பக்கத்து பிரேக் பெடலைக் கையால் அழுத்தினேன். பின்னால் சிவப்பு விளக்குப் பளிச்சென்று எரிந்தது. பல்பு போகவில்லை, குணா. லாரியைப் பார்த்ததும் நீ வலது காலை அழுத்தியிருக்கிறாய். பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்திருக்கிறாய். கைப் பிரேக்கைப் பிடித்திருப்பாய், அதற்கு விளக்கு எரியாது; அதுவும் அந்தக் காலத்து மாதிரியில் நீ ஆசையாகச் செய்த சின்ன டிரம் பிரேக். பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். எனக்குக் கண்ணில் ஒரு சொட்டு வராது. கல் நெஞ்சுக்காரி என்று மாலாவின் சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்களாம். பேசட்டும். நான் உள்ளுக்குள் உன்னைத்தான் வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தேன். என் தம்பியாக இருந்துகொண்டு எந்தக் கால் பிரேக் என்பதை எப்படிடா மறந்தாய்? முதல் நாள் வகுப்புக்கு வரும் பிள்ளைகூடக் கேட்டால் சரியாகச் சொல்லுமே!

இப்போதைய செய்திக்கு வருகிறேன். உன் கும்பல் வண்டியைச் சரிசெய்து கொண்டுவந்து மாலா வீட்டு வாசலில் நிறுத்தியது. மாலை போட்டு, பொட்டு வைத்து, நீயே வந்து இறங்கியதுபோல. "குணா எப்படி வச்சிருந்தானோ அப்படியேக்கா. முன்பக்கம் மட்டும்தான் கை வச்சோம். பின்னால ஒரு நட்டுகூட மாத்தல" என்றான் சேகரன் பெருமையாக. பெடல்களும் அப்படியேதான் இருந்தன. உன் முதல் வருடத் திதிக்கு எல்லாரும் நீ விழுந்த இடம்வரை பைக்கில் போய்ப் பூப் போடப்போகிறார்களாம். உன் வண்டியை உன் மகள் ஓட்டி வர வேண்டுமாம். கேட்டார்கள், தாரிணியும் தலையாட்டிவிட்டாள்.

நான் லைசென்ஸ் எடுத்துக் கொடுத்த பிள்ளை அவள். காலேஜுக்கு உன் கப்சாயில்தான் தினமும் போய் வருகிறாள். மாலா எனக்கு போன் போட்டு அழுதாள். "அண்ணி, நான் சொன்னா கேக்கவே மாட்டேங்குறா. நீங்க வந்து பேசுங்க. எனக்கு இன்னொரு தடவ அந்த ரோட்டுக்குப் போய் நிக்கத் தெம்பு இல்ல."

போனேன். தாரிணி வண்டியின் டேங்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வாரமா பழகிட்டேன் அத்தே. எனக்கு நல்லா வருது" என்றாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே.

"அப்ப பெடல மாத்திட்டு ஓட்டு."

"மாத்துனா அது அப்பா வண்டி இல்ல அத்தே."

உன் குரல், உன் திமிர், அப்படியே. பளார் என்று ஒன்று வைக்கலாமா என்று வந்தது. வாயால் சொல்லி இது வேலைக்கு ஆகாது என்று தெரிந்துவிட்டது. ஸ்கூல் மூடியிருக்கும் நாளாகப் பார்த்து வண்டியைத் தெப்ராவுக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

ஆளில்லாத மைதானம். வட்டமாக ஓட்டச் சொன்னேன், கோட்டில் நிறுத்தச் சொன்னேன். அழகாக நிறுத்தினாள். ஒவ்வொரு தடவையும் இடது கால், பிசகாமல். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்து ஜெயித்துவிட்டதுபோல் சிரித்தாள். இன்னொரு சுற்றுப் போகச் சொன்னேன். அவள் என் பக்கத்தில் வரும்போது, கையில் வைத்திருந்த ஆரஞ்சுக் கூம்பை வண்டிக்கு முன்னால் வீசினேன்.

வலது கால் இறங்கியது. வண்டி நிற்கவில்லை. கூம்பைச் சக்கரத்தில் இழுத்துக்கொண்டே போய், கைப் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, வேலிக்குப் பக்கத்தில் தடுமாறி நிறுத்தினாள்.

"அத்தே, இது சீட்டிங் லா! சொல்லாம போட்டா யாருக்குத்தான் வரும்?"

"லாரிக்காரன் சொல்லிட்டா வருவான்?"

கண்ணில் தண்ணீரோடு இறங்கினாள். பிடிவாதத்தில் உன்னை உரித்து வைத்தவள். "அப்ப நீங்க ஏறுங்க. நான் போடுறேன். பாக்கலாம்."

ஏறினேன். எனக்கென்ன பயம்? இந்த ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் நான். கூம்பு வரப்போகிறது என்றும் தெரியும். 'இடது கால், இடது கால்' என்று சொல்லிக்கொண்டே சுற்றினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் சுற்றினேன். தாரிணி கூம்பைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டிலில் தண்ணீர் குடித்தாள். உண்மையைச் சொல்கிறேன், வண்டி நன்றாகத்தான் இருந்தது, குணா. அந்தத் தடதடப்பு காலடியில் சுகமாக இருந்தது. வளைவில் நான் நினைத்ததும் தானாகச் சாய்ந்தது. எதற்காக இதன்மேல் இப்படிப் பைத்தியமாக இருந்தாய் என்று முதல் தடவையாகப் புரிந்தது. அந்த நேரம் பார்த்துக் கூம்பு வந்து விழுந்தது.

என் வலது கால்தான் போனது.

தெரிந்தும் போனது. நான் சொன்னதைக் கேட்கவே இல்லை அந்தக் கால். கூம்பின்மேல் ஏறி வண்டி சாய்ந்தது, நானும் விழுந்தேன். முழங்கை தேய்ந்து ரத்தம் வந்தது. தாரிணி ஓடிவந்து தூக்கினாள். நான் எழுந்திருக்கவில்லை. அந்தத் தார்த் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். துக்க வீட்டில் வராதது எல்லாம் சேர்த்து அங்கே வந்தது.

நீ மறக்கவில்லை, இல்லையா? விடியற்காலையில் காஸ்வேயில் அத்தனை ஆயிரம் மோட்டார் சைக்கிளுக்கு நடுவில், மழையில், இருட்டில், எவன் குறுக்கே வந்தாலும் உன் வலது கால்தான் உன்னைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பியது. அன்றும் அது தன் வேலையைத்தான் செய்தது. அது போன இடத்தில் பிரேக் இல்லை. எப்படி மறந்தாய் என்று வருடம் முழுக்க உன்னைக் கேட்டேனே, அந்தக் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மற்றத் திட்டெல்லாம் அப்படியே இருக்கிறது.

"மாத்திடலாம் அத்தே" என்றாள் தாரிணி, என் முழங்கையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே.

சேகரனை மாலா வீட்டுக்கு வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னபோது, சாமி சிலையை உடைக்கச் சொன்னதுபோல் என்னைப் பார்த்தான்.

"அக்கா, அது குணா கைப்பட செஞ்சது. ஒரு தடவ வெட்டிட்டா திரும்ப வராதுக்கா."

"குணாவும்தான் திரும்ப வரல."

"நம்மாளுங்க யாரும் ஒத்துக்க மாட்டாங்க. அந்த வலப்பக்கக் கியர்லதான் வண்டியோட மதிப்பே இருக்கு."

"மதிப்பா? பின்னால நீ எதையும் மாத்தலன்னு சொன்னல்ல? பல்ப்பும் பழசுதானே? போய் அந்த இடது பெடல அழுத்திப் பாரு. லைட்டு எரியுதான்னு பாத்துட்டு வந்து எங்கிட்ட மதிப்பு பேசு."

போய் அழுத்தினான். எரிந்தது. காலை எடுத்தான், அணைந்தது. மறுபடியும் அழுத்தினான். அவன் முகம் வெளுத்துப்போய்விட்டது. இத்தனை நாளும் பழியைப் பல்பின் தலையில் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறான் பாவி. அவனைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அப்பா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நீ போன பிறகு அவர் அதிகம் பேசுவதில்லை. அன்று கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"வெட்டுங்கடா. எம்மவனுக்கு ஒன்னும் கோவம் வராது. தொரைக்குத்தான் வரும்."

சேகரன் டேங்கைத் தடவிக்கொண்டே நின்றான். வேறு மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுகிறேன் என்றேன். உடனே கத்தினான். "வேற எவன் கையும் இதுல படக்கூடாது. நானே வெட்டுறேன்."

வந்தான், வெட்டினான். கியர் பெட்டிக்கு அடியில் குறுக்காக ஓர் இரும்புத் தண்டைவிட்டுக் கியரை இடது பக்கம் கொண்டுவந்தான். இன்னொரு தண்டைவிட்டுப் பிரேக்கை வலது பக்கம் கொண்டுவந்தான். தாரிணி வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூடவே குந்தியிருந்தாள். உன் சட்டத்தில் இப்போது புதிதாக இரண்டு வெல்டிங் தழும்பு இருக்கிறது. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. சேகரன் வேலை முடியும்வரை எனக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தான். நானும் அவனுக்கு டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. உன் கும்பலில் பாதிப் பேர் நாளைக்குத் திதிக்கு வர மாட்டார்களாம். வண்டியைக் கெடுத்துவிட்டோமாம். வராமலே இருக்கட்டும், ரோடாவது காலியாக இருக்கும்.

அதற்குப் பிறகு மறுபடியும் மைதானத்துக்குப் போனோம். கூம்பை வீசினேன். வண்டி நின்றது. வேறு பக்கத்திலிருந்து வீசினேன். நின்றது. அவள் கை வலிக்கிறது, பசிக்கிறது, விட்டுவிடுங்கள் என்று கெஞ்சும்வரை வீசிக்கொண்டே இருந்தேன்.

நாளைக் காலையில் கிளம்புகிறோம். அவள் உன் வண்டியில், நான் கப்சாயில் அவளுக்குப் பின்னால். மாலாவும் அப்பாவும் காரில் வருகிறார்கள். அங்கே நிற்கத் தெம்பில்லை என்ற மாலா, கடைசியில் தானே பூ வாங்கி வைத்திருக்கிறாள். அந்த இடத்தில் இறங்கி நிற்கும்போது எனக்கு என்ன வரும் என்று தெரியவில்லை. அழுவேனா, எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டித் தீர்ப்பேனா? நீ எதை எதிர்பார்க்கிறாய்?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மன்னித்துவிடுவேன் என்று அல்ல, அது இந்த ஜென்மத்தில் நடக்காது. உன் மகள் பயந்துபோய்க் காலை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் உன் வண்டி நிற்கும். அதற்கு நான் பொறுப்பு.

உன்னைத் திட்டுவதற்கு இன்னும் உயிரோடு இருக்கும்
உன் அக்கா,
சாவித்திரி